பிள்ளைகளுக்கான உளவியல், கல்வி மதிப்பீடு: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

‘பிள்ளையை ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள்’ என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினால், நம் வீடுகளில் முதலில் வருவது பயம்தான். ‘என் பிள்ளைக்கு மனநோய் என்கிறார்களா? வெளியே தெரிந்தால் நாளை கல்யாணப் பேச்சு என்னவாகும்?’ என்று தாய் கலங்குகிறார். ‘எல்லாம் சோம்பல், இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார் தந்தை. இதற்கிடையில் பிள்ளையின் இரண்டு மூன்று ஆண்டுகள் வீணாகிவிடுகின்றன. தனியார் மையங்களில் இந்த மதிப்பீடு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் வீண் பயமும் குறையும், ஏமாறுவதும் குறையும்.

எதற்காக இந்த மதிப்பீடு?

1905ல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோன் ஆகிய இருவரும் முதல் நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டார்கள். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறிவதே அதன் நோக்கம். இன்றும் நோக்கம் அதுதான்.

மக்தபில் நாம் காண்பதுண்டு: ஒரு பிள்ளை காதால் கேட்ட சூராக்களை விரைவாக மனனம் செய்துவிடும். ஆனால் கிதாபைத் திறந்தால் பா, தா, ஸா எழுத்துகளைப் புள்ளி வைத்துப் பிரித்தறியத் திணறும். பள்ளியிலும் வாயால் கேட்டால் பதில் வரும், எழுதச் சொன்னால் வராது. இத்தகைய பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கலாம். அதை அடியால் தீர்க்க முடியாது. முறையாகச் சோதித்துத்தான் அறிய முடியும். துஆ கேட்பதும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும் ஒன்றுக்கொன்று தடையல்ல.

யாரிடம் போவது?

நம் நாட்டில் இத்துறையினரைப் பதிவு செய்வது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகியோர் அதில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. பள்ளி கவுன்சிலர் அறிகுறிகளைக் கண்டு அனுப்பி வைக்கலாம். ‘இதுதான் குறைபாடு’ என்று முடிவு சொல்வது அவருடைய வேலையல்ல.

எத்தனை அமர்வுகள், என்னென்ன சோதனைகள், மொத்தக் கட்டணம் எவ்வளவு, எழுத்து அறிக்கை எப்போது கிடைக்கும், அதை விளக்கிச் சொல்வார்களா என்ற ஐந்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பீடு நடக்கும் முறை

1. பெற்றோருடன் பேச்சு: கர்ப்பகாலம், பிரசவம், பிள்ளை பேசவும் நடக்கவும் தொடங்கிய வயது, வலிப்பு போன்ற நோய்கள், பள்ளி மாறிய விவரம் அனைத்தையும் கேட்பார்கள். மதிப்பெண் அட்டை, பழைய நோட்டுகள், மருத்துவச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் தமிழா உருதுவா, பள்ளியில் எந்த மொழி வழி, அரபி ஓதுகிறதா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பழக்கமில்லாத மொழியில் சோதித்தால் பிள்ளையின் திறமை குறைவாகத் தெரியும்.

2. கண், காது பரிசோதனை: பார்வையும் கேட்கும் திறனும் சரியாக உள்ளனவா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளையும் படிப்பில் பின்தங்கும்.

3. நுண்ணறிவுச் சோதனை: பினே-காமத், மாலின், வெக்ஸ்லர் ஆகியவை இங்கே வழக்கத்தில் உள்ளவை. அமைதியான அறையில் பிள்ளையும் சோதிப்பவரும் மட்டும் இருப்பார்கள். கட்டைகளை அடுக்குதல், சொற்பொருள் கூறுதல், எண்களைத் திருப்பிச் சொல்லுதல் போன்றவை இடம்பெறும்.

4. கல்விச் சோதனை: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், படித்ததைப் புரிந்துகொள்ளுதல், கணக்கு ஆகியவற்றில் பிள்ளை தன் வகுப்பு நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது.

5. நடத்தைப் படிவங்கள்: பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே நிரப்புவார்கள். கவனக்குறைவு வீட்டில் மட்டுமா, பள்ளியிலும் உண்டா என்பது இதில் தெரியும்.

வீட்டில் பயிற்சி கொடுத்து அழைத்துச் செல்லாதீர்கள், முடிவு பொய்யாகிவிடும். தூக்கமும் உணவும் சரியாக இருக்கட்டும். காய்ச்சல் உள்ள நாளையும், பிள்ளை நோன்பு வைத்திருக்கும் நாளையும் தவிர்ப்பது நல்லது.

அறிக்கையைப் படிப்பது எப்படி?

வெக்ஸ்லர் போன்ற சோதனைகளில் சராசரி 100. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து மனம் உடைந்துவிடக் கூடாது. எதில் பலம், எதில் சிரமம், வீட்டிலும் பள்ளியிலும் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதிகளே முக்கியம். பரிந்துரை எதுவும் இல்லாமல் எண்ணை மட்டும் தரும் அறிக்கை முழுமையானதல்ல.

விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளையின் அறிவையும் எதிர்காலப் படிப்பையும் சொல்வதாகச் சில பள்ளிகளில் முகாம் நடத்துகிறார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சட்டம் தரும் உரிமை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. இதற்குரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கோரலாம். தனியார் அறிக்கை அந்தச் சான்றிதழ் ஆகாது. அரசு அங்கீகரித்த மருத்துவக் குழுதான் அதை வழங்க வேண்டும். எட்டு வயது நிறைந்த பிறகே இக்குறைபாட்டுக்குச் சான்றளிக்க வேண்டும் என்று 2018ல் வெளியான மத்திய அரசு வழிகாட்டுதல் கூறியது. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய பிறகு ஓடுவதைவிட முன்பே தொடங்குவது நல்லது.

பிள்ளையின் மானம் ஓர் அமானிதம்

அறிக்கை பிள்ளையின் அந்தரங்கம். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு உரியதல்ல. பள்ளிக்குத் தேவையான பகுதியை மட்டும் கொடுத்தால் போதும். உஸ்தாதிடமும் பிள்ளையின் சிரமத்தை எடுத்துச் சொல்லுங்கள். அவர் கற்றுத்தரும் முறையை மாற்றிக்கொள்ள அது உதவும். பிள்ளையிடம் ‘உனக்கு எப்படிப் படித்தால் எளிது என்று பார்த்துக்கொண்டோம்’ என்று சொல்லுங்கள். ‘மக்கு’ என்ற பட்டம் இல்லாமல் வளரும் பிள்ளை, இன்ஷா அல்லாஹ், தன் வழியில் முன்னேறும்.