முத்திரைக்கு மேல் முத்திரை: பொலிஸ் ரிப்போர்ட்டின் நீண்ட வரலாறு

வெளிநாட்டு வேலைக்கு ஆயத்தமாகிறவர்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி கேட்கும். "பொலிஸ் ரிப்போர்ட் எடுத்தாச்சு. அது அரசாங்கம் தந்த கடதாசிதானே? பிறகேன் அதைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டு அமைச்சுக்கும், அங்கயிருந்து தூதரகத்துக்கும் அலையவேணும்?" நியாயமான கேள்விதான். ஏஜென்சிக்காரரிடம் கேட்டால் "அதுதான் நடைமுறை தம்பி" என்பதோடு கதை முடிந்துவிடும். ஆனால் எந்த நடைமுறையும் வானத்திலிருந்து விழுவதில்லை. இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் எங்கட நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கு.

முதலில் அந்தச் சீல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். டுபாய்க்குப் போகிற ஒரு சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கோ. கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம், உங்கள் பெயருக்கு எதிராகப் பாதகமான பதிவு ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைக்கிறது. வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, "இந்தக் கையெழுத்து அந்தப் பொலிஸ் அதிகாரியுடையதுதான்" என்கிறது. தூதரகம், "இது கொன்சியூலர் அதிகாரியின் கையெழுத்துதான்" என்கிறது. கடைசியில் அந்த நாட்டு வெளிநாட்டு அமைச்சு, "இது எங்கட தூதரகத்தின் முத்திரைதான்" என்கிறது. இந்த நாலு பேரில் முதலாமவர் மட்டுந்தான் உங்களைப் பற்றிப் பேசுகிறார். மற்ற மூன்று பேரும் தங்களுக்கு முன்னால் கையெழுத்து வைத்தவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்பது அவர்களுடைய வேலையே இல்லை.

ஆக, இங்கே இரண்டு வரலாறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, ஒரு மனிதரின் நடத்தையைக் கடதாசியில் எழுதிவைக்கும் வரலாறு. மற்றது, ஒரு அரசின் கடதாசியை இன்னொரு அரசு நம்புவதற்கான வரலாறு.

முதலாவதை பிரான்சிலிருந்து தொடங்கலாம். 1832 வரை அங்கே தண்டிக்கப்பட்ட சிலரின் தோளில் காய்ச்சிய இரும்பால் குறிசுடும் வழக்கம் இருந்தது. ஆளின் உடம்பே அவருடைய பதிவேடு. சூடு ஒழிக்கப்பட்ட பிறகு, ஊர்விட்டு ஊர்போய்ப் பெயரை மாற்றிக்கொண்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி வந்தது. 1848 இல் பொன்வில் த மார்சாஞ்சி என்ற நீதித்துறை அதிகாரி ஒரு யோசனை சொன்னார். ஒருவர் எங்கே தண்டிக்கப்பட்டாலும், அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தை அவர் பிறந்த மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பி, அகரவரிசைப்படி ஒரு தட்டறையில் போட்டு வைத்தால் என்ன? 1850 இல் அது நடைமுறைக்கு வந்தது. பிறந்த ஊருக்கு எழுதிக் கேட்டால் போதும், தட்டறையில் ஏதாவது கிடக்கிறதா இல்லையா என்று பதில் வரும். இன்றைய பொலிஸ் ரிப்போர்ட்டின் மூதாதைகளில் இதுவும் ஒன்று.

பெயரை மாற்றலாம், ஆனால் கைரேகையை மாற்ற முடியாது. அதை வகைப்படுத்தித் தேடும் முறை வங்காளத்தில் உருவானது. 1897 இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. கணக்கு வேலையைச் செய்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் பொலிஸ்காரர்கள். முறைக்கு வைக்கப்பட்டதோ மேலதிகாரி எட்வேர்ட் ஹென்றியின் பெயர். 1901 இல் அது லண்டனுக்குப் போனது.

இனி எங்கட நாட்டுக்கு வருவோம். பிரித்தானியர் 1871 இல் இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். அதன் விடயம் வீட்டு வேலைக்காரரைப் பதிவுசெய்வது. சமையல்காரர், வண்டிக்காரர், குதிரைக்காரர், பெண் வேலையாட்கள், வீட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் கூலிகள் என எல்லாரும் இதற்குள் அடக்கம். பதிவான ஒவ்வொருவருக்கும் சட்டைப்பையில் வைத்திருக்க ஒரு சிறு பதிவேடு. வேலையைவிட்டு விலகும்போது, ஏன் விலகினார், அவருடைய நடத்தை எப்படி என்று எசமான் அதில் எழுதவேண்டும். அடுத்த வீட்டில் வேலை கேட்கப் போகும்போது அந்தக் கொப்பியைக் காட்டவேண்டும்.

எசமானின் நடத்தையை எழுத ஒரு கொப்பி இருந்ததா? இல்லை. சம்பளம் தராதவர், கைநீட்டுபவர், சாப்பாடு போடாதவர் என்று எந்த வேலைக்காரரும் எங்கேயும் எழுதிவைக்க வழி இருக்கவில்லை. இந்த ஒருபக்கப் பார்வையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ.

நூறு வருசத்துக்குப் பிறகு அதே வீட்டு வேலை கடல் தாண்டியது. 1973 இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1977 இல் இலங்கை பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. 1985 இன் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. சட்டைப்பைக் கொப்பியின் இடத்தில் இப்போது பைல்: கடவுச்சீட்டு, மருத்துவ அறிக்கை, நற்சான்று. போகிறவர் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் நிரூபிக்கிறார். அங்கே வேலைக்கு எடுக்கும் வீட்டுக்காரரின் பொலிஸ் ரிப்போர்ட்டை இங்கேயிருந்து போகும் அக்காவுக்கு யாரும் காட்டுவதில்லை. 1871 இன் தர்க்கம் அப்படியே இருக்கிறது, தூரம் மட்டும் கூடியிருக்கு.

இரண்டாவது வரலாறு, அதாவது அரசுகளுக்கிடையிலான நம்பிக்கை, ஹேக் நகரத்தில் திரும்புகிறது. சீலுக்கு மேல் சீல் அடிக்கும் சங்கிலி ஐரோப்பியர்களுக்கே அலுத்துப்போனது. 1961 ஒக்டோபர் 5 ஆம் திகதி ஹேக் மாநாட்டில் ஒரு உடன்படிக்கை உருவானது, 1965 இல் நடைமுறைக்கு வந்தது. சங்கிலி முழுவதையும் ஒரேயொரு சான்றாகச் சுருக்குவதுதான் திட்டம். அதன் பெயர் அப்போஸ்தில். பக்கம் 9 சென்ரிமீற்றருக்குக் குறையாத ஒரு சதுரம், அதற்குள் இலக்கமிட்ட 10 விபரங்கள், மேலே பிரெஞ்சில் தலைப்பு. உடன்படிக்கையில் சேர்ந்த நாடு ஒன்றில் அதை ஒட்டினால், சேர்ந்த மற்ற நாடு தூதரகச் சீல் கேட்கக்கூடாது. அப்போதும் அது சான்றுபடுத்துவது கையெழுத்தையும் பதவியையும் முத்திரையையும் மட்டுந்தான். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பதை அப்போஸ்தில் சொல்வதில்லை.

இங்கே வரலாறு ஒரு வேடிக்கை காட்டியது. பிரித்தானியா இந்த உடன்படிக்கையைத் தன் குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் விரிவுபடுத்தியது. 1968 இல் சுதந்திரமடைந்த மொரீசியசும், 1970 இல் சுதந்திரமடைந்த பிஜியும் அதைச் சொத்துப்போலச் சுவீகரித்துக்கொண்டன. இலங்கை 1948 இலேயே சுதந்திரமடைந்துவிட்டது. அதனால் இந்தச் சொத்து எங்களுக்குக் கிடைக்கவில்லை. சேருவதென்றால் நாங்களாகச் சேரவேண்டும். இந்தியாவில் 2005 இலும், பாகிஸ்தானில் 2023 இலும் அது நடைமுறைக்கு வந்தது. வளைகுடாவிலும் ஓமான், பஹ்ரேன், பிறகு 2022 இல் சவூதி அரேபியா என்று சேர்ந்துவிட்டன. 2024 முடிவில் இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. எங்களுக்கு இருப்பது 1981 இன் 4 ஆம் இலக்கக் கொன்சியூலர் பணிகள் சட்டமும் பழைய சங்கிலியுந்தான். 2018 இல் வந்த மின்னணு முறையும், யாழ்ப்பாணம், மாத்தறை, கண்டி, குருநாகல் பிராந்திய அலுவலகங்களும் அலைச்சலைக் குறைத்தது உண்மை. முன்பென்றால் ஒரு சீலுக்காக இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போகவேணும்.

அந்தக் கொழும்புப் பயணம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவுமில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலை, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். தகுந்த காரணமில்லாமல் தங்கியிருக்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட நியாயம். அந்த லொட்ஜ்களில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் கடவுச்சீட்டுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் வைத்தியத்துக்கும் என்று வந்தவர்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தொடர, மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. பிறகு பிரதமரே வருத்தம் தெரிவித்தார். எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர்கள், ஒரு சந்தேகத்தின் பெயரில் பஸ் ஏற்றப்பட்டார்கள்.

நாங்கள் பெரும்பாலும் பின்னால் வரும் மூன்று சீல்களைப் பற்றியே புறுபுறுக்கிறோம். வரிசை, காசு, நாள் கணக்கு. நாளைக்கே இலங்கை அப்போஸ்தில் உடன்படிக்கையில் சேர்ந்தால், உறுப்பு நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும். சேரத்தான் வேண்டும். ஆனால் முதலாவது கையெழுத்து அப்போதும் மாறப்போவதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் வந்தது முதல், வழக்கும் தீர்ப்பும் இல்லாமல் மாதக்கணக்காகத் தடுத்துவைக்கப்பட்டவர்கள் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். தண்டனை வேறு, கைது வேறு, சந்தேகம் வேறு. மூன்றையும் ஒரே தட்டறையில் போட்டால், எத்தனை நாட்டுச் சீல் அடித்தாலும் அநியாயம் அநியாயமாகவேதான் போய்ச்சேரும். பின்னால் வரும் எந்த முத்திரையும் அதைத் திருத்தாது. திருத்துவது அவற்றின் வேலையும் இல்லை.

ஆகவே பைலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது இரண்டு விடயங்களைக் கேட்கப் பழகுவோம். ஒன்று நடைமுறைக் கேள்வி: போகும் நாடு அப்போஸ்திலில் சேர்ந்ததா, உண்மையில் எந்தச் சீலைக் கேட்கிறது? தேவையில்லாத சீலுக்குக் காசு கட்டவேண்டாம். மற்றது அரசியல் கேள்வி: என்னைப் பற்றிய பதிவில் என்ன இருக்கு, அதை எழுதியது யார், பிழையென்றால் யாரிட்டப் போய்த் திருத்துவது? 1871 இல் சட்டைப்பைக் கொப்பியோடு நின்ற சமையல்காரருக்கு இதைக் கேட்க இடமிருக்கவில்லை. எங்களுக்கு இருக்கு.