எலி வளையும் புகைப்பானையும்

நெற்கதிர் முற்றும் பருவத்தில் வரப்புகளைச் சற்று உற்றுப் பாருங்கள். புதிதாகத் தள்ளிய மண் குவியல்கள் தென்படும். சோழவரம் ஏரிப்புறத்தில், கிடங்குகளுக்கும் ஆலைகளுக்கும் நடுவே எஞ்சியிருக்கும் வயல்களும் இதற்கு விலக்கல்ல. 'பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ்' என்று விலங்கியலார் அழைக்கும் வயல் எலியின் வேலை அது. இது கதிரைத் தின்பதோடு நிற்பதில்லை; வளைக்குள் அறை அமைத்துச் சேமித்தும் வைக்கிறது.

இதை ஒழிக்க நஞ்சு வைப்பதே இன்று பரவலான வழி. துத்தநாக பாஸ்பைடு எலியின் இரைப்பை அமிலத்தோடு வினைபுரிந்து பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை வெளிவிடுகிறது. ஆனால் சிறிதளவு தின்று பிழைத்த எலி மறுமுறை அந்த இரையைத் தொடாது. இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்லும் வார்ஃபரின் 1950-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்தது. 1958-லேயே அதற்கு மசியாத எலிகள் ஸ்காட்லாந்தில் காணப்பட்டன. இத்தகைய நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தைக்கும் ஆபத்து உண்டு.

இந்த நஞ்சுகளுக்கு நெடுங்காலம் முன்பே இருளர்கள் கையில் ஒரு மண்பானை இருந்தது. வளையின் மற்ற வாய்களை மண்ணால் அடைத்து, ஒரு வாயில் மட்டும் பானையைப் பொருத்துவார்கள். உள்ளே வைக்கோல் புகையும். பானையின் அடியிலுள்ள துளையில் வாய் வைத்து ஊத, புகை வளைக்குள் போகும். எலிகள் மூச்சுத் திணறி மயங்கியபின் தோண்டி எடுப்பார்கள். எலி உணவாகும், வளையில் கிடைக்கும் நெல்லும் பிடித்தவருக்கே.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளையின் குறுக்களவு 7 செ.மீ., கிளைகள் எல்லாம் சேர்ந்து நீளம் 5 மீட்டர் என்று கொண்டால், அதன் கொள்ளளவு ஏறக்குறைய 19 லிட்டர். மூச்சை முழுக்க இழுத்து ஊதினாலும் ஒரு முறைக்கு நான்கைந்து லிட்டருக்கு மேல் வராது. அதிலும் ஒரு பகுதி இடுக்குகளில் கசிந்துவிடும். சூடான புகையோ மேலே எழ விரும்புவது. வளையோ கீழே இறங்குவது. மறு மூச்சு இழுக்கும் இடைவெளியில் புகை திரும்பி ஊதுபவர் முகத்திலேயே அடிக்கும். உதடு வெந்தது, நெஞ்சுக்குள் கரியமில வாயுவோடு கார்பன் மோனாக்சைடும் போயிற்று. பானையில் குறையில்லை, மனித நுரையீரலை அதற்குப் பம்பாக்கியதுதான் குறை.

இருளர்களின் பழைய வருவாய் பாம்புத் தோலிலிருந்து வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாம்பைக் காக்க அது தேவைதான். எலியைத் தின்பதும் பாம்புதானே! ஆனால் பிழைப்பு போனவர்கள் என்ன செய்வார்கள்? 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்செடுக்கும் வேலையைத் தந்தது. எல்லாருக்கும் அதில் இடமில்லை. செங்குன்றம் வட்டார அரிசி ஆலைகளில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இருளர் பலர்.

2003-ல் சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்றின் எளிய திட்டத்துக்கு உலக வங்கியின் போட்டியில் பரிசு கிடைத்தது. மண்பானைக்குப் பதில் எஃகுக் கலம். வாய்க்குப் பதில் கையால் சுற்றும் விசிறி. காற்று விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து வரும். முகத்தையும் புகையிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளலாம். கொல்லன் பட்டறைத் துருத்தியை அறிந்த நாட்டில் இது இத்தனை காலம் தாமதித்தது வியப்புத்தான்.

விசிறியைச் சுற்ற யாராலும் முடியும். எந்த வளையில் பொருத்துவது என்பது வேறு கதை. வாயில் சிலந்தி வலை படிந்திருந்தால் எலி குடியில்லை. ஈரமண் புதிதாகக் கிடந்தால் உள்ளே இருக்கிறது. பாம்புச் சட்டை ஓரத்தில் கிடந்தால், தோண்டும் கை சற்று நிதானிக்கும்.