புடலங்காயின் நீளம் யார் கையில்?



கெடா மாநிலத்துத் தோட்டங்களில், லயத்துக்குப் பின்னால் கம்பு நட்டு, கம்பி கட்டிப் புடலைப் பந்தல் போடுவது நம்மவர் வழக்கம். பிஞ்சு இறங்கியதும் அதன் நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். காய் சுருளாமல் நேராக வளரும். நல்ல காய் ஒன்றை முற்றவிட்டு, விதையெடுத்துச் சாம்பலில் பிரட்டி வைப்பார்கள். மகள் கூலிமுக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ வாழ்க்கைப்பட்டுப் போனால், அந்த விதையும் உடன் போகும்.

ஆனால், நீளக் காயின் விதையைப் போட்ட இடத்தில் குட்டைக் காய் தொங்குவதும் உண்டு. உடனே, "போட்டவள் கைராசி அப்படி" என்று பழி ஒரு பெண்ணின்மேல் விழும். இது நியாயமா? இதற்குப் பதில் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு.

பட்டாணிச் செடிகளை ஆராய்ந்த கிரிகோர் மெண்டல் என்னும் துறவி, 1866-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். ஒரு குணம் ஒரு தலைமுறையில் மறைந்திருந்து, அடுத்த தலைமுறையில் வெளிப்படலாம் என்பதே அது. 1900-ஆம் ஆண்டில்தான் உலகம் அதன் அருமையை உணர்ந்தது.

அதன்பின், அமெரிக்காவில் கனெக்டிகட் வேளாண்மைக் கல்லூரியில் பணியாற்றிய எட்மண்ட் சின்னட் என்பவர் பூசணியை எடுத்துக்கொண்டார். டர்ஹம் என்பவருடன் சேர்ந்து 1922-இலும், தனியாக 1927-இலும் தம் முடிவுகளை வெளியிட்டார். அவற்றில் ஒன்று வியப்பானது. வெவ்வேறு வழிவந்த இரண்டு உருண்டைப் பூசணிகளைக் கலந்தால், பிள்ளைகள் யாவும் தட்டையாகப் பிறந்தன! பேரப்பிள்ளைகளிலோ, பதினாறில் 9 பங்கு தட்டை, 6 பங்கு உருண்டை, 1 பங்கு நீளம். உருண்டையான பாட்டன் பாட்டிக்கு நீளமான பேரன் எப்படி வந்தான்? இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வடிவத்தை ஆண்டதே காரணம்.

காயின் பருமனையும் சின்னட் ஆராய்ந்தார். பெரிய காயில் உயிரணுக்கள் நெடுநாள் பிரிந்து பெருகுகின்றன. பிறகு பெரிதாகவும் வளர்கின்றன. சிறிய காயில் இந்த வேலை சீக்கிரமே நின்றுவிடுகிறது. வெள்ளரியின் மரபணுத் தொகுப்பு 2009-இல் வெளியான பிறகு, வெள்ளரி, தர்ப்பூசணி ஆகியவற்றின் வடிவத்தை ஆளும் மரபணுக்கள் பலவற்றை அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

நம் புடலுக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் குட்டையான பன்றிப்புடலையும், தனியாமங்கலத்திலிருந்து தெரிந்தெடுத்த வகையையும் கலந்து, மதுரையில் எம்.டி.யு.1 என்ற நடுத்தர நீளமுள்ள புடலை உருவாக்கினார்கள். அறிஞர்கள் அங்கே அறிந்து செய்த கலப்பை, நம் பந்தலில் பூச்சிகள் நாம் அறியாமல் செய்துவிடுகின்றன. பக்கத்து வீட்டுக் குட்டைப் புடலின் மகரந்தம் நம் பூவில் விழுந்தாலும், அன்று காய்க்கும் காய் தாய்க்கொடியின் காயைப் போலவே இருக்கும். கலப்பு விதைக்குள் ஒளிந்திருந்து, அடுத்த நடவுகளில்தான் தலைகாட்டும். கல் காயை நேராக்கும். உரமும் நீரும் ஓரளவு பெருக்கும். விதையில் இல்லாத நீளத்தை எந்தக் கையாலும் தர முடியாது.

பால்மரம் வெட்டும் நமக்கு இது புதிதன்று. நல்ல மரத்தின் விதை முளைத்த கன்று, தாய்மரம்போல் பால் தரும் என்று நாம் நம்புவதில்லை. அதனால்தான் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற வகைகளைக் கண் ஒட்டிப் பெருக்கினார்கள். புடலுக்கோ விதைதான் வழி. ஆகவே விதையைக் காக்க வேண்டும்.

அது எளிதே. புடலம்பூ மாலையில்தான் விரியும். அதற்கு முன்பே, நல்ல கொடிகளில் ஓர் ஆண்மொட்டையும், அடியில் பிஞ்சுள்ள ஒரு பெண்மொட்டையும் காகிதப் பையால் மூடுங்கள். விரிந்ததும் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவி, மறுபடி மூடுங்கள். காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டி, அந்தக் காயையே விதைக்கு விடுங்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணம் பெயர்ந்தபோது, பாத்திரம் பண்டத்தோடு விதை டப்பாவும் பல வீடுகளுக்குப் போயிற்று. அதிலிருப்பது பல தலைமுறைப் பெண்கள் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த செல்வம். அடுத்த முறை பந்தலில் குட்டைக் காய் தொங்கினால், போட்டவளைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்துப் பந்தலை எட்டிப் பாருங்கள்.