ஊடாட்டப் புனைவும் தமிழ் வாசகரும்: ‘கதை வகுப்பு’ முதல் கணினி வரை

முன்னுரை

வாசிப்பவரே கட்டளை தந்தும் தெரிவு செய்தும் கதையின் போக்கை மாற்ற இடந்தரும் கணினிப் படைப்பை ஊடாட்டப் புனைவு எனலாம். அமெரிக்க நிரலாளர் வில் கிரௌதர், தாம் நேரில் ஆராய்ந்த கென்டக்கி மாநிலக் குகையைச் சொற்களால் வரைந்து 1976 அளவில் உருவாக்கிய ‘அட்வென்சர்’ இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. டான் வுட்ஸ் 1977இல் அதனை விரிவாக்கினார். படமும் ஒலியும் இன்றி எழுத்தாலேயே இயங்கும் இவ்வகை தமிழ் மரபுக்கு முற்றிலும் புறம்பானதா? கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

கேட்போரின் விடை

கதையினுள் கேட்போரை இழுக்கும் முறை நமக்குப் பழையது. வேதாளம் ஒவ்வொரு கதையையும் ஒரு வினாவில் நிறுத்துகிறது. விக்கிரமாதித்தன் விடையறிந்தும் வாய்திறவாவிடின் தலை வெடிக்கும். விடை கூறினாலோ மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் மரமேறும். அரசன் விடை கூறுமுன் கேட்பவரும் தமக்குள் ஒரு விடையை முடிவு செய்துவிடுகிறார். ஆயினும் அவர் விடை எதுவாயினும் கதை மாறுவதில்லை. இதனைப் பங்கேற்பின் முதற்படி எனக் கொள்ளலாம்.

வாசகர் படைப்பாளரானமை

இரண்டாம் படியைக் கோலாலம்பூரில் காண்கிறோம். 1924இல் இங்குத் தோன்றிய ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950-51ஆம் ஆண்டுகளில் ‘கதை வகுப்பு’ நடத்தினர். சிறுகதையின் இலக்கணம் பாடங்களாக விளக்கப்பட்டது; வாசகர் கதைகளை எழுதி அனுப்பினர்; அவை மதிப்பிடப்பட்டன. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழர்க்கு நாளிதழ் செய்தித்தாளாக மட்டும் அமையவில்லை; எழுத்துப் பயிற்சிக் கூடமாகவும் விளங்கியது. போருக்குப் பிந்திய மலாயாத் தமிழ்ச் சிறுகதை வளர்ச்சியில் இவ்வகுப்பின் பங்கினை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் வற்புறுத்துவர்.

இம்முயற்சி ஒரு மரபாகவும் நிலைத்தது. முருகு சுப்பிரமணியன் ஆசிரியராயிருந்த காலத்தில், 1972இல், அதே நாளிதழ் பவுன் பரிசுத் திட்டத்தின்வழி கதைகளை ஊக்குவித்தது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1986இல் தொடங்கிய சிறுகதைப் போட்டி ‘பேரவைக் கதைகள்’ தொகுதிகளுக்கு வழிவகுத்தது. இவற்றிலெல்லாம் வாசகரின் எதிர்வினை ஒரு புதிய கதையாக வெளிப்பட்டது. வாசித்த கதையையே மாற்றும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அம்மூன்றாம் படியே ஊடாட்டப் புனைவு.

ஆட்டக்காரரின் வாசிப்பு

1990களில் இத்துறை சோதனை முயற்சிகளை நோக்கித் திரும்பியது. சாம் பார்லோவின் ‘ஐல்’ (1999) என்னும் படைப்பில் ஆட்டக்காரர் பேரங்காடியில் நிற்கும் ஒருவராகிறார். ஒரே ஒரு கட்டளை இடலாம். உடனே கதை முடியும். முடிவுகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவை ஒன்றோடொன்று முரண்படவும் செய்யும். மீண்டும் மீண்டும் தொடங்கி, கிடைத்த துணுக்குகளை இணைத்தே அம்மனிதரின் கடந்த காலத்தை ஆட்டக்காரர் உய்த்துணர்கிறார். எமிலி ஷார்ட்டின் ‘கலாட்டியா’ (2000) உயிர்பெற்ற சிலையோடு நிகழும் உரையாடல். எதை, எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதற்கேற்ப அவளது இயல்பே வேறுபடுகிறது. இத்தகைய படைப்புகளில் வெற்றி தோல்வி முதன்மையன்று. தம் தெரிவுக்குத் தாமே பொறுப்பு என்னும் உணர்வே வாசகரை ஈர்க்கிறது.

தமிழின் அமைப்பு எழுப்பும் சிக்கல்

தமிழில் இதனைப் படைக்கத் தேவையான கருவிகளுள் முதன்மையானவை இம்மண்ணில் உருவானவை என்பது நினைக்கத்தக்கது. கிள்ளான் வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்புடைய கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தர் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ கணினியில் தமிழ் எழுதுவதை எளிதாக்கியது. தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரிலும், 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கூடியது.

எழுத்து வசதி கிடைத்தபின் எஞ்சுவது இலக்கணச் சிக்கல். ஆங்கிலத்தில் ஆட்டக்காரர் திரையிற் காணும் பெயர்ச்சொல்லை அப்படியே வினைக்குப்பின் தட்டெழுதுகிறார். தமிழிலோ திரையில் ‘மரம்’ என்றிருப்பதை அவர் ‘மரத்தில் ஏறு’ என எழுதுவார். ‘பெட்டி’ என்பது ‘பெட்டியைத் திற’ என வரும். வேற்றுமை உருபையும் ‘அத்து’ச் சாரியையையும் மிகும் வல்லெழுத்தையும் நீக்கி, மூலச் சொல்லை நிரல் கண்டறிய வேண்டும். தொல்காப்பியம் சொற்கள் புணரும் முறையை விதிக்கிறது. கணினிக்கு அவ்விதிகளைத் தலைகீழாக்கிப் பிரிக்கும் முறையைக் கற்பிக்கவேண்டியுள்ளது. கதை ஆட்டக்காரரை ‘நீ’ என விளிப்பதா ‘நீங்கள்’ என விளிப்பதா என்பதையும் படைப்பவர் முன்னரே முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் எழாத இவ்வினா தமிழில் ஒவ்வொரு வினைமுற்றிலும் எழும். எனவே இத்துறைக்கு நிரலாளரோடு இலக்கணம் வல்லாரும் இன்றியமையாதவர்.

முடிவுரை

‘தமிழ் நேசன்’ 2019இன் தொடக்கத்தில் நின்றுபோனது. வாசகரை எழுத்தாளராக்கிய களம் ஒன்று அதனோடு மறைந்தது. இன்றைய மாணவர் பிற மொழிகளில் கதையினுள் புகுந்து விளையாடிவிட்டு, தமிழில் மட்டும் தேர்வு வினாக்களுக்கு விடையெழுதுபவராக நின்றுவிடும் நிலை கவலைக்குரியது. இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கிளைக்கதையைத் தாளிலேயே தொடங்கலாம்: ஒரு பத்தி, அதன் முடிவில் எண்ணிட்ட இரு தெரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர்ச்சி. கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட ‘ட்வைன்’ போன்ற இலவசக் கருவிகள் இதனைக் கணினிக்குக் கொண்டு செல்லும். தெரிவுகள் எண்ணிடப்படுவதால் இத்தொடக்க நிலையில் புணர்ச்சிச் சிக்கலும் எழாது. 1950இல் நாளிதழ் செய்த பணியை இன்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள தமிழ் வகுப்பறைகள் மேற்கொள்ள இயலும். இலக்கணச் சிக்கலைத் தீர்க்கும் ஆய்வினைப் பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளுமாயின், மாணவர் கட்டளையைத் தமிழிலேயே புரிந்துகொள்ளும் புனைவுகளும் உருவாகும்.