கான்பூர் மைதானத்தில் கிடந்த குண்டு விமானங்கள்

கான்பூர் நகருக்கு அருகே சக்கேரி என்னும் விமானதளம் இருக்கிறது. உத்தியோகம் காரணமாகவோ, ஆலைத்தொழில் காரணமாகவோ அந்நகரில் குடியேறிய நம்மவர் பலர் அதன் பெயரைக் கேட்டிருப்பர். 1945-ல் இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது, அத்தளத்தின் ஓரத்து வெளியில் நான்கு எஞ்சின்கள் கொண்ட பெரிய குண்டு விமானங்கள் வரிசை வரிசையாக நின்றன. அவை லிபரேட்டர் என்னும் அமெரிக்க விமானங்கள். பிரிட்டிஷ் விமானப்படை அவற்றை ஓட்டிக்கொண்டு வந்தது பாதுகாத்து வைப்பதற்காக அல்ல, ஒழித்துவிடுவதற்காகவே.

ஒழிக்க வேண்டியதன் காரணம் ஓர் ஒப்பந்தம். 1941-ல் அமெரிக்கா வகுத்த கடன்-குத்தகைத் திட்டத்தின்படி நேச நாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட யுத்த தளவாடங்களை, யுத்தம் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். இன்றேல் எவருக்கும் பயன்படாதபடி செய்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இவற்றை மீட்டுக்கொண்டு போக அமெரிக்காவுக்கு விருப்பமில்லை. அந்நாட்டிலேயே புத்தம் புதிய விமானங்கள் பாலைவனங்களில் குவிந்து கிடந்தன. லிபரேட்டர் விமானங்கள் மட்டும் மொத்தம் 18,000-க்கு மேல் உற்பத்தியாகியிருந்தன. ஆகவே கான்பூரில் நின்றவற்றின் கருவிகளை உடைத்தார்கள், உடற்பகுதியில் துளையிட்டார்கள், எஞ்சின்களில் மண்ணைக் கொட்டினார்கள் என்றும் கூறுவர். அரசாங்க ஏடுகளில் இச்செய்கைக்கு 'கழித்தல்' என்று பெயர். ஏடுகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல் நாள்தோறும் எதிர்ப்படுவது. ஒரு நாற்காலியைக் கழிப்பதற்கும், 110 அடிச் சிறகுள்ள விமானத்தைக் கழிப்பதற்கும் ஏட்டில் அதே ஒரு சொல்தான்.

லிபரேட்டரின் இலட்சணங்களைச் சிறிது அறிந்தாலன்றிப் பின்னால் நடந்ததன் அருமை விளங்காது. நீண்டு மெலிந்த சிறகு, பருத்த வயிறு, வாலில் இரட்டைச் சுக்கான்கள். இதுதான் அதன் தோற்றம். சிறகில் நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் வட்டமாக அமைந்த 14 சிலிண்டர்கள். ஒவ்வோர் எஞ்சினின் ஆற்றல் 1,200 குதிரைத் திறன். பத்துப் பேர் வரை ஏறிச் செல்லலாம். நெடுந்தூரம் பறக்கவல்லது என்பதே அதன் தனிச் சிறப்பு. அக்காரணத்தாலேயே வங்காளத்துத் தளங்களிலிருந்து புறப்பட்டு, பர்மாவையும் சயாமையும் தாக்கிவிட்டுத் திரும்பும் வேலைக்கு இது தெரிந்தெடுக்கப்பட்டது.

அவ்வாறு தாக்கப்பட்ட இலக்குகளில் ஒன்று பர்மா-சயாம் ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுசென்ற தமிழர்கள் பல்லாயிரவர் காலராவுக்கும் பட்டினிக்கும் பலியாகி அமைத்த பாதை அது. அதன் பாலங்களின் மேல் குண்டு வீசியவை இவ்வகை விமானங்களே. பாலங்களின் பக்கத்தில் இருந்த கைதிகளின் முகாம்களிலும் குண்டுகள் விழுந்து நேச நாட்டுக் கைதிகளையே கொன்றன. ஆதலால் இவ்விமானத்தைப் போற்றிப் பேசுவது நமது நோக்கமன்று. அதைச் செப்பனிட்ட கைகளைப் பற்றித்தான் சொல்ல வந்தோம்.

1947-ல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் காஷ்மீரத்தில் போர் மூண்டது. இந்திய விமானப்படையிடம் அப்போது கனரகக் குண்டு விமானம் ஒன்றுகூட இல்லை. சரக்கும் ஆட்களும் ஏற்றிச் செல்லும் டக்கோட்டா விமானத்தில் குண்டுகளை வைத்து, கதவு வழியாக உருட்டித் தள்ளிய நிகழ்ச்சிகளும் அப்போரில் உண்டு. புதிதாக வாங்கப் பணமில்லை. பணமிருந்தாலும் உடனே விற்பாரில்லை. கான்பூரில் கிடந்த சேதமுற்ற குவியலின் மீது கண் சென்றது அந்நிலையில்தான்.

வேலையை ஏற்றது பெங்களூரிலிருந்த ஹிந்துஸ்தான் ஏர்க்ராப்ட் தொழிற்சாலை. இது தற்செயலாக அமைந்த பொருத்தமன்று. 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு இதைத் தொடங்கினார். 1942-ல் இந்திய சர்க்கார் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு அமெரிக்க விமானப்படை அதன் நிர்வாகத்தை ஏற்று, யுத்தம் முடியும் வரை கிழக்கரங்கத்து விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரும் பட்டறையாக நடத்திற்று. கன்னடமும் தமிழும் தெலுங்கும் பேசிய தொழிலாளர்கள் அங்கே அமெரிக்க எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிப் பழகினார்கள். அமெரிக்கர் கப்பலேறினர், பழக்கம் இங்கேயே தங்கிவிட்டது. அந்நாட்களில் பட்டறையில் உருவான கைத்திறன் எந்த ஒப்பந்தத்தின் கீழும் திருப்பித் தரவேண்டிய பொருளாக இருக்கவில்லை!

பெங்களூரிலிருந்து ஒரு குழு கான்பூருக்குச் சென்றது. வேலை இரண்டு கட்டங்களாக நடந்தது. முதற்கட்டம் திறந்த வெளியிலேயே: ஒரு விமானத்தை ஒரே ஒரு முறை பறப்பதற்குத் தகுதியாக்கினால் போதும். முழுமையான பழுதுபார்ப்பு பின்னர் பெங்களூர்ப் பட்டறையில். ஆனால் அந்த 'ஒரே ஒரு முறை' எளிதில் வந்துவிடவில்லை. ஒன்றில் எஞ்சின் கெட்டிருந்தால் மற்றொன்றிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்றின் சக்கரம், வேறொன்றின் கருவிப் பலகை என்று பலவற்றின் உறுப்புக்களைக் கூட்டி ஒன்றை நிமிர்த்த வேண்டும். வட இந்தியக் கோடைவெயில் ரப்பர்க் குழாய்களைச் சும்மா விட்டுவைப்பதில்லை. அவை வெடித்தால் எண்ணெய் ஒழுகும். ஒழுகினால் சக்கரங்களோ தடையோ இயங்கா. சுக்கான்களை இழுக்கும் எஃகுக் கம்பிகளை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, இழை அறுந்ததை மாற்ற வேண்டும்.

தகடு பொருத்தும் வேலையைத் தனியே சொல்ல வேண்டும். விமானத்தின் தோல் மெல்லிய அலுமினியத் தகடு. கிழிந்த இடத்தை வெட்டி நீக்கி, புதுத்தகடு வைத்து, ரிவெட் ஆணிகளால் இணைப்பார்கள். இதற்கு இருவர் வேண்டும். வெளியே நிற்பவர் காற்றுச் சுத்தியலால் ஆணியை அடிக்க, உள்ளே குறுகிய இடத்தில் உடலை மடக்கி உட்கார்ந்திருப்பவர் ஓர் இரும்புக் கட்டியை ஆணியின் மறுமுனைக்கு அணையாகப் பிடிப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, இடையே தகடு. அடியும் பிடியும் ஒத்துப் போகாவிடில் தகடு நெளிந்துவிடும். உள்ளே இருப்பவரின் காதுக்கு அச்சத்தம் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பட்டறையில் நின்றவர்களே அறிவர். ஒரு விமானத்தில் இவ்வாணிகள் பல இலட்சம்.

இனிப் பறக்கும் கட்டம். பாதி செப்பனிட்ட அவ்விமானங்களை ஓட்டிச் சென்ற துணிவு அத்தொழிற்சாலையின் விமானி ஜம்ஷெட் முன்ஷிக்கு உரியது. அதற்கு முன் லிபரேட்டரை ஓட்டிப் பழகாத அவர், அதன் குறிப்பேட்டைப் படித்துத் தாமே கற்றுக்கொண்டார் என்பது விமானப்படை வட்டாரங்களில் இன்றும் சொல்லப்படும் செய்தி. கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஆகாய மார்க்கமாகச் சுமார் 1,500 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தையும் அவர் ஒரு தடவை அல்ல, மீண்டும் மீண்டும் கடந்தார். ஒவ்வொரு முறையும் வேறு விமானம். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நோய்.

1948 நவம்பரில், இவ்விதம் மறுபிறப்பெடுத்த லிபரேட்டர்களைக் கொண்டு இந்திய விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் கான்பூரிலேயே தொடங்கப்பட்டது. எந்த மண்ணில் கழிக்கப்பட்டனவோ அந்த மண்ணிலேயே அவை படைக்கலமாயின. பின்னர் 6-ஆம் ஸ்குவாட்ரனும் இவற்றைப் பெற்றுக் கடல் கண்காணிப்புக்குப் பயன்படுத்திற்று. மொத்தம் சுமார் 40 விமானங்கள் இங்ஙனம் உயிர்பெற்றன. உலகில் வேறெங்கும் படைப்பணியிலிருந்து லிபரேட்டர் மறைந்த பின்னரும், 1968 இறுதிவரை இந்தியாவில் அது பறந்துகொண்டிருந்தது.

அப்பொழுதுதான் அயல்நாடுகள் விழித்துக்கொண்டன. தாங்கள் ஆயிரக்கணக்கில் உருக்கித் தள்ளிய விமானம் ஒன்றையேனும் காட்சிக்கு வைக்க விரும்பியவர்கள் இந்தியாவை நாடி வந்தனர். கனடா ஒரு பழைய லைசாண்டர் விமானத்தைக் கொடுத்து, மாற்றாக லிபரேட்டர் ஒன்றைப் பெற்றது. அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்து டூசான் நகரில் உள்ள பீமா அருங்காட்சியகத்துக்கு 1969-ல் ஒன்று பறந்தே சென்றது. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு 1974-ல் ஒன்று போயிற்று. உடைக்கச் சொன்ன நாட்டுக்கும், உடைத்த நாட்டுக்கும் நாம் கொடையளித்தோம் என்று சொன்னால் மிகையாகாது.

1944-ல் டெக்ஸாஸில் உருவாகி, கான்பூரில் கைவிடப்பட்டு, பெங்களூரில் பிழைத்த மற்றொரு விமானத்தின் கதை இன்னும் நீண்டது. 1980-களின் தொடக்கத்தில் அது இங்கிலாந்துக்குச் சென்றது. 1984-ல் அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. நிறுத்தி வைத்துக் காட்டினால் போதும் என்பதே அவர்களது முதல் எண்ணம். யுத்த காலத்தில் லிபரேட்டரில் பணியாற்றிய முதியவர்கள் வற்புறுத்தியதன்பேரில், பறக்கும்படி செப்பனிடத் தீர்மானித்தார்கள். தேர்ந்த தொழிலாளரோடு தொண்டர்களும் சேர்ந்து உழைத்தனர். செலவான உழைப்பு சுமார் 97,000 மணி நேரம் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். 1989-ல் அது மீண்டும் வானேறி, பல்லாண்டுகள் ஊர் ஊராகச் சென்றது. வயது முதிர்ந்த வீரர்கள் அதன் வயிற்றுக்குள் ஏறி, இளமையில் தாம் உட்கார்ந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துச் சென்றார்கள்.

அத்தொண்டர்களின் பணியை நாம் குறைத்து மதிக்கவில்லை. கூலி வாங்காது ஓய்வு நாட்களை ஒரு பழைய இயந்திரத்துக்குக் கொடுப்பவர்கள் போற்றத்தக்கவர்களே. ஆயினும் அவர்கள் பிரித்த தகடுகளுக்குள் முன்னொரு பட்டறையின் வேலையும் இருந்தது. அவர்களுடைய மணிகள் எண்ணப்பட்டன. 1948-ல் பெங்களூரிலும் கான்பூரிலும் செலவான மணிகளை எவரும் அவ்வாறு எண்ணி ஊரறியச் சொல்லவில்லை. விமானியின் பெயர் நிலைத்தது. இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே மடங்கி உட்கார்ந்தவரின் பெயரைக் காட்சிப் பலகை எதிலும் நாம் கண்டதில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தவர்தாமே என்று சொல்லலாம். சம்பளம் ஆணியைச் செவ்வையாக அடிக்காது. ஹெச்.ஏ.எல். குடியிருப்புக்களில் வளர்ந்த நேயர்கள் எவரேனும் தம் தந்தையோ பாட்டனாரோ அப்பணியில் இருந்ததாக அறிந்திருந்தால், பெயரையும் பார்த்த வேலையையும் ஒரு தாளில் குறித்து வைப்பது நலம்.

கனடாவிலுள்ள விமானம் கனடியப் படையின் வர்ணத்தைப் பூண்டிருக்கிறது; காலிங்ஸ் விமானத்துக்கு அமெரிக்க வர்ணமும் அமெரிக்கப் பெயரும் பூசினார்கள். டில்லியில் பாலம் விமானதளத்தை ஒட்டிய இந்திய விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்ட லிபரேட்டரின் மேல் மட்டும் மூவர்ண வட்டம் இருக்கிறது. தலைநகரில் வாழும் நேயர்கள் அங்கே செல்ல நேர்ந்தால், சற்று நெருங்கி நின்று அதன் பக்கத் தகடுகளில் ஓடும் ஆணி வரிசைகளைப் பார்க்கலாம்.