தரிசு நிலத்தில் முளைத்த எரிபொருள்: ஐரோப்பிய உயிரி எரிபொருள் கொள்கையும் ஆய்வும், 1992–2025

1992 நவம்பரில், வாஷிங்டனில் அமெரிக்க அதிபரின் விருந்தினர் மாளிகையான பிளேர் ஹவுசில், ஐரோப்பியச் சமூகமும் அமெரிக்காவும் எண்ணெய்வித்துகள் பற்றி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஐரோப்பிய உழவர்கள் தரிசாகப் போட வேண்டிய நிலத்தில் தொழில் தேவைக்கென எண்ணெய்வித்து விதைக்கலாம். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் புண்ணாக்கு, சோயாப் புண்ணாக்குக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னைத் தாண்டக் கூடாது என்றது அதன் ஒரு விதி. எண்ணெய் எந்த வண்டியில் எரியும் என்பது அங்கே பொருட்டாக இல்லை. ஐரோப்பியத் தீவனச் சந்தையில் அமெரிக்க சோயாவின் இடம் பறிபோய்விடக் கூடாது என்பதுதான் கவலை. ஐரோப்பிய பயோடீசலுக்கு முதலில் போடப்பட்ட உச்சவரம்புகளுள் ஒன்று இப்படி மாட்டுத் தீவனத்தின் பெயரால் வந்தது.

உயிரி எரிபொருளின் வரலாற்றைப் பருவநிலை மாற்றத்திலிருந்து தொடங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆவணங்களை ஆண்டு வரிசையில் வைத்துப் படித்தால் வேறு சித்திரம் தெரிகிறது. இந்த எரிபொருள் உழவுக் கொள்கையின் வயிற்றில் பிறந்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைத்தல், கரியமில வாயுவைக் குறைத்தல், உயிரிப் பொருளாதாரத்தை வளர்த்தல் ஆகிய காரணங்கள் அதற்குப் பின்னால் சூட்டிய பெயர்கள். பெயர் மாறும்போதெல்லாம் கணக்கு விதிகளும் மாறின. அந்த விதிகளுக்குப் பின்னால்தான் ஆய்வகங்கள் ஓடின.

1980களில் வெண்ணெயும் தானியமும் கிடங்குகளில் மலையாகக் குவிந்தன. அவற்றை வாங்கி வைக்கவே ஐரோப்பியச் சமூகத்தின் பணம் கரைந்தது. வேளாண் ஆணையராக இருந்த அயர்லாந்துக்காரர் ரே மக்ஷாரி 1992இல் கொண்டுவந்த சீர்திருத்தம், பெரிய உழவர்கள் தம் விளைநிலத்தில் 15 விழுக்காட்டைத் தரிசாக விட்டால்தான் உதவித்தொகை என்றது. உணவல்லாத பயிருக்கு மட்டும் அந்தத் தரிசு திறந்திருந்தது. கடுகின் உறவுக்காரப் பயிரான ரேப்சீட் அங்கே குடியேறியது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் மே மாதத்தில் அடிவானம்வரை மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் வயல்களில் ஒரு பகுதிக்கு இந்த விதியும் ஒரு காரணம்.

இதே காலத்தில் ஆஸ்திரியாவில் ஒரு சிறு முயற்சி வேறு பாதையில் போனது. ஸ்டைரியா மாநிலத்து மூரெக் என்னும் சிற்றூரில் உழவர் கூட்டுறவு ஒன்று 1991இல் பயோடீசல் ஆலை தொடங்கியது. ரேப் எண்ணெயோடு, உணவகங்களில் பொரித்து ஒதுக்கிய எண்ணெயையும் அது காய்ச்சி எரிபொருளாக்கியது. கிராஸ் நகரப் பேருந்துகள் அதில் ஓடின. அன்று இது ஊர்க்காரர்களின் சிக்கனம். இருபது ஆண்டு கழித்து இதே பழைய எண்ணெய் பிரஸ்ஸல்ஸ் சட்டத்தின் நடுக்கூடத்துக்கு வந்து அமரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு ஆணைதான் முதன்முதலாக இலக்கு வைத்தது: போக்குவரத்து எரிபொருளில் 2005க்குள் 2 விழுக்காடு, 2010க்குள் 5.75 விழுக்காடு. கட்டாயமில்லை, வெறும் சுட்டிக்காட்டல். அதே ஆண்டு வந்த இன்னோர் ஆணை வரிவிலக்குக்கு வழிவிட்டது. 2005இல் கணக்குப் பார்த்தபோது ஒன்றியம் முழுவதற்கும் 1 விழுக்காடுதான் தேறியது. இலக்கை எட்டியவை ஜெர்மனி (3.8), சுவீடன் (2.2) இரண்டே. ஜெர்மனியின் வெற்றிக்கு வரிவிலக்கே முழுக் காரணம் என்பதை அதன் வீழ்ச்சி காட்டிக்கொடுத்தது. 2006 ஆகஸ்டில் தூய பயோடீசலுக்கு லிட்டருக்கு 9 சென்ட் வரி விழுந்தது. அடுத்த ஆண்டு முதல் எண்ணெய் நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதம் கலந்தே தீர வேண்டும் என்ற ஒதுக்கீட்டு முறை வந்தது. தூய பயோடீசலை நம்பிய லாரிக்காரர்கள் சாதா டீசலுக்குத் திரும்பினார்கள். அவர்களை நம்பியிருந்த சிறு ஆலைகள் தள்ளாடின. உழவரின் கையிலிருந்த எரிபொருள் எண்ணெய்க் கம்பெனியின் கலவைத் தொட்டிக்கு இடம் மாறியது இந்தக் கட்டத்தில்தான். இதைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை.

2007 அக்டோபரில் உணவு உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஜான் சீக்லர், விளைநிலத்தை எரிபொருளுக்குத் திருப்புவதை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்றார். அடுத்த சில மாதங்களில் உலகெங்கும் தானிய விலை ஏறியது. விலைக்கு உயிரி எரிபொருள் எந்த அளவு காரணம் என்ற சண்டை இன்னும் முடியவில்லை. கொள்கையை உலுக்கியது வேறொன்று. 2008 பிப்ரவரியில் 'சயன்ஸ்' இதழில் டிமதி சர்ச்சிங்கர் குழுவினர் அமெரிக்க மக்காச்சோள எத்தனாலை வைத்து ஒரு கணக்கை முன்வைத்தார்கள். ஒரு வயலின் விளைச்சல் எரிபொருளுக்குப் போனால், அது ஊட்டிய வாய்கள் மூடிக்கொள்வதில்லை. அந்த உணவு வேறெங்கோ, காடோ புல்வெளியோ அழிந்த இடத்தில் விளையும். அழிந்த காட்டின் கரியையும் எரிபொருளின் கணக்கில்தான் எழுத வேண்டும். மறைமுக நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று இதற்குப் பெயர்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் காட்டை யாரும் நேரில் காட்ட முடியாது. அது கணினி மாதிரியில் மட்டும் தெரியும் காடு. 2009ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆணை, 2020க்குள் போக்குவரத்தில் 10 விழுக்காடு என்று கட்டாய இலக்கு வைத்தது. பசுங்குடில் வாயுவில் 35 விழுக்காடு மிச்சம் காட்ட வேண்டும் என்றது. மறைமுக மாற்றத்தை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தது. பிறகு பார்க்க ஆறு ஆண்டு ஆனது. உணவுப் பயிர் எரிபொருளை 5 விழுக்காட்டோடு நிறுத்தலாம் என்று 2012இல் ஐரோப்பிய ஆணையம் சொன்னது; 2015இல் சட்டமானபோது அது 7 ஆகியிருந்தது. மறைமுக மாற்றத்துக்கான எண்கள் பிற்சேர்க்கையில் இடம்பெற்றன. ஆனால் அறிக்கையில் குறிப்பிட மட்டுமே. எரிபொருளின் தகுதியை அவை தொடாது.

ஆணையம் பணம் கொடுத்து, குளோபியம் என்னும் கணினி மாதிரியை வைத்துச் செய்வித்த ஆய்வின் முடிவுகள் இதன் பின்னே வெளிவந்தன. நிலப் பயன்பாட்டு மாற்றத்தால் மட்டும் ஒரு மெகாஜூல் எரிபொருளுக்கு வெளியாகும் கரியமில வாயு: பாமாயில் டீசலுக்கு 231 கிராம், சோயாவுக்கு 150, ரேப்சீடுக்கு 65, கோதுமை எத்தனாலுக்கு 34. ஒப்பீட்டுக்கு 2009 ஆணை எடுத்துக்கொண்ட புதைபடிவ எரிபொருள் எண் 83.8. பாமாயிலுக்கான எண்ணின் பெரும்பகுதி தென்கிழக்காசியச் சதுப்புக் காடுகளை வடித்துக் காயவைப்பதிலிருந்து வருகிறது. 2018 ஆணையும் 2019இன் துணைச் சட்டமும் பாமாயில் எரிபொருளை 2030க்குள் இலக்குக் கணக்கிலிருந்து முழுக்க நீக்கும் வழியை வகுத்தன. இந்தோனேசியாவும் மலேசியாவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1992இல் அமெரிக்க சோயாவுக்காக நடந்த பேரத்தைப் போலவே இதிலும் சந்தை இருந்தது; இந்த முறை பாதி சூழல், பாதி சந்தை.

உணவுப் பயிருக்கு வந்த இந்த நெருக்கடியால் எல்லோர் கண்ணும் வைக்கோல் பக்கம் திரும்பியது. ஆய்வகக் கதை இங்கே சூடுபிடிக்கிறது. 2000களின் தொடக்கத்தில் தொழில்துறை உயிரித் தொழில்நுட்பத்துக்கு 'வெள்ளை' என்ற அடைமொழி பரவியது. மருத்துவத்துக்குச் சிவப்பு, வேளாண்மைக்குப் பச்சை, ஆலைக்கு வெள்ளை. மரபணு மாற்றிய பயிர்களுக்கு ஐரோப்பா கதவடைத்திருந்த நேரம் அது. மூடிய தொட்டிக்குள் வாழும் நுண்ணுயிருக்கு அந்த எதிர்ப்பு இல்லை. மாவுப்பொருள் ஆலைக்கென பிஏஎஸ்எஃப் உருவாக்கிய ஆம்ஃப்ளோரா உருளைக்கிழங்கு 2010இல் அனுமதி பெற்றும் 2012இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து பின்வாங்கியதை இதோடு வைத்துப் பார்க்கலாம். அது வயலில் வளர வேண்டியிருந்தது.

வைக்கோலில் உள்ள சர்க்கரையில் ஒரு பகுதி சைலோஸ்; ரொட்டி ஈஸ்ட் அதைத் தொடாது. யானைக்கு இங்கே ஒரு பங்கு உண்டு. இந்திய யானை ஒன்றின் லத்தியிலிருந்து பிரித்தெடுத்த பைரோமைசிஸ் பூஞ்சையில், சைலோசை ஈஸ்டுக்கு ஏற்றபடி மாற்றும் நொதியை நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2003இல் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார் அதன் மரபணுவை ஈஸ்டுக்குள் ஓடவைத்தார்கள். வைக்கோலைப் பக்குவப்படுத்துவது இன்னொரு வேலை. டென்மார்க்கின் காலுண்ட்போர்கில் 2009இல் திறந்த இன்பிகான் செயல்விளக்க ஆலை வளர்த்தெடுத்த முறையில் வைக்கோலை முதலில் அழுத்த நீராவியில் அவிப்பார்கள். பிறகு படுக்கைவாட்டில் கிடக்கும் உருளைக்குள் துடுப்புகள் அந்தக் கூழைத் தூக்கித் தூக்கிப் போடும். நொதி சேர்ந்த சில மணி நேரத்தில், கரண்டியில் கட்டியாய் நின்றது ஊற்றுகிற பதத்துக்கு இளகிவிடும். அதன் பிறகே ஈஸ்ட்.

2013 அக்டோபரில் இத்தாலியின் கிரெசென்டினோவில் ஆண்டுக்கு 40,000 டன் எத்தனால் இலக்கோடு ஓர் ஆலை திறந்தது. தாய்க் குழுமமான மோசி கிசோல்ஃபி 2017இல் நொடித்தபோது ஆலையும் நின்றது. எனி குழுமத்தின் வெர்சாலிஸ் அதை வாங்கியது. ருமேனியாவின் பொதாரியில் கிளாரியன்ட் நிறுவனம் கட்டிய ஆலை 2021இல் முடிந்தது. 2,50,000 டன் வைக்கோலிலிருந்து 50,000 டன் எத்தனால் என்பது திட்டம். ஐரோப்பிய ஆய்வு நிதி 4 கோடி யூரோவுக்கு மேல் அதற்குள் போயிருந்தது. 2023 டிசம்பரில் மூடுவதாக அறிவிப்பு வந்தது. அறுவடை முடியும் சில வாரங்களுக்குள் ஆண்டு முழுவதற்கும் வேண்டிய வைக்கோலைக் கட்டி, நனையாமல் அடுக்கிவைக்க வேண்டும் என்பதை மட்டும் நினைத்துப் பார்த்தால் போதும், சோதனைக் குடுவைக்கும் ஆலைக்கும் உள்ள தூரம் தெரியும். நொதி தோற்றது என்று இந்த இரண்டு மூடல்களையும் வாசிப்பது தவறு. வைக்கோல் போன்றவற்றிலிருந்து வரும் 'முன்னேறிய' எரிபொருளுக்கு 2022இல் 0.2 விழுக்காடு, 2025இல் 1, 2030இல் 3.5 என்று 2018 ஆணை கட்டாயம் வைத்ததற்கு ஐந்து ஆண்டு முன்பே கிரெசென்டினோ திறந்துவிட்டது. ஆலைக்குக் கடன் கொடுத்தவரால் சட்டத்துக்காகக் காத்திருக்க முடியாது.

சட்டம் திறந்த இன்னொரு கதவு வழியாக வேகமாக உள்ளே வந்தது பொரித்த எண்ணெய். கழிவிலிருந்து வரும் எரிபொருளை இலக்குக் கணக்கில் இரட்டையாக எண்ணலாம் என்றது விதி. ஒரு லிட்டர் இரண்டாகும்போது நொதியும் வேண்டாம், யானையும் வேண்டாம். மூரெக்கின் உள்ளூர்ச் சிக்கனம் ஆசியாவிலிருந்து கப்பல் கப்பலாக வரும் வணிகமாகியது. சில காலங்களில் பழைய எண்ணெய்க்குப் புதிய பாமாயிலைவிட விலை கூடுதல். அப்படியானால் புதியதைப் பழையது என்று விற்க யாருக்கும் தோன்றாதா என்ற கேள்வி எழுந்தது. 2025 பிப்ரவரியில் சீன பயோடீசலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொருள்குவிப்புத் தடுப்பு வரியை உறுதிசெய்தது. வரி விலையைப் பற்றியது. தொட்டியில் இருக்கும் எண்ணெய் ஒருமுறையேனும் எதையாவது பொரித்ததா என்பதற்கு இறக்குமதியாளரிடம் இருப்பது வழிநெடுகக் கைமாறிய ஒரு சான்றிதழ்தான்.