சேதனம்: ஒரு சொல்லின் கதை

சென்ற மாரியில் ஒரு சனிக்கிழமை, குறொன்லாண்டில் மரக்கறிக் கடையொன்றில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். நண்பர் ஒருவரின் மகளும் தாயோடு அங்கு வந்திருந்தாள். இங்கே மேல்நிலைப் பாடசாலையில் இரசாயனம் படிக்கிற பிள்ளை.

"மாமா, ஒர்கானிஸ்க் ஷெமி எண்டால் தமிழில என்ன?"

"சேதன இரசாயனம், பிள்ளை."

"சேதனம் எண்டால்?"

"உயிருள்ளது, அறிவுள்ளது."

அவள் கையிலிருந்த சொப்பிங் பையைத் தூக்கிக் காட்டினாள். "இதுவும் ஒர்கானிஸ்க் எண்டுதான் ரீச்சர் சொன்னவ. அப்ப இதுக்கும் உயிர் இருக்கோ?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஊரில் உயர்தர வகுப்பில் இரண்டு வருடம் சேதன இரசாயனம் படித்தவன் நான். சமன்பாடுகளைப் பாடமாக்கினேனே தவிர, அந்தப் பெயரை ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய பதிலே இக்கட்டுரை.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு அறிஞர் பேசீலியஸ் பொருட்களை இரண்டாகப் பிரித்தார். உயிரினங்களிலிருந்து கிடைக்கும் சீனி, எண்ணெய், யூரியா போன்றவை ஒரு பக்கம். உப்பு, கல், உலோகம் மறுபக்கம். முதல் வகையை உண்டாக்க ஓர் 'உயிர்ச்சக்தி' வேண்டும், மனிதனின் சோதனைக் குழாயில் அது நடவாது என்பதே அன்றைய நம்பிக்கை. 1828 இல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பேசீலியசிடம் படித்த யேர்மனியரான வோலர், அமோனியஞ் சயனேற்று என்ற உப்பைத் தயாரிக்கப் போனார். அதன் கரைசலைச் சூடாக்கி வற்றவிட்டபோது கிடைத்ததோ யூரியா! சிறுநீரில் இருக்கும் அதே பொருள். மனிதனின் சிறுநீரகமும் வேண்டாம், நாயின் சிறுநீரகமும் வேண்டாம், யூரியா செய்துவிட்டேன் என்ற கருத்துப்பட அவர் தன் ஆசானுக்குக் கடிதம் எழுதினார்.

இரண்டிலும் உள்ள அணுக்கள் ஒன்றே: ஒரு காபன், ஒரு ஒட்சிசன், இரண்டு நைதரசன், நான்கு ஐதரசன். ஒழுங்கு மட்டுமே வேறு. 'கதவு' என்ற சொல்லின் எழுத்துக்களை இடம் மாற்றினால் 'தகவு' வருவதைப் போல. இதைத்தான் நாங்கள் சமபகுதியம் என்று படித்தோம்.

உயிர்ச்சக்தி என்ற எண்ணம் மெல்ல மெல்லப் போய்விட்டது; பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்று சேதன இரசாயனம் என்றால் காபனின் சேர்வைகளைப் பற்றிய படிப்பு. காபனுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று பிடித்து நீண்ட சங்கிலியாகவும் வளையமாகவும் நிற்கும். இரு காபன்கள் ஒரு கையால் பிடித்தால் எதேன், இரு கையால் எதீன், மூன்று கையால் எதைன். ஆயிரக்கணக்கான எதீன்கள் கோர்த்த பல்பகுதியமே பொலித்தீன், அதாவது பிள்ளையின் சொப்பிங் பை. இங்கே ஒரு வேடிக்கை. நொஸ்க்கில் 'எத்தேன்' என்றால் எங்களுடைய எதீன். எங்களுடைய எதேன் அவர்களுக்கு 'எத்தான்'. தமிழ்ப் புத்தகத்தையும் நொஸ்க் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பிள்ளை கவனமாக இருக்கவேண்டும்!

தமிழில் இச்சொற்கள் சும்மா வந்துவிடவில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்தார். தமிழில் சொல் இருந்தால் அது, இல்லையேல் வடமொழி, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு மாற்றுவது என்பது அவர் வழி. 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் 1875 இல் வெளிவந்தது. 1916 இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் விஞ்ஞானச் சொல்லாக்கத்துக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 1950களில் இலங்கை அரசின் கலைச்சொற் குழுக்கள் ஐதரசன், ஒட்சிசன், காபன் என்று கிரந்த எழுத்தில்லாமல் எழுதும் முறையை நிலைநாட்டின. தமிழ்நாட்டிலோ எங்கள் சேதன இரசாயனம் 'கரிம வேதியியல்' ஆயிற்று. கரிமம் என்றால் காபன். அவர்களின் சொல் பொருளைச் சொல்கிறது. எங்களின் சொல் பொருளின் பழைய வரலாற்றைச் சொல்கிறது. சேதனம், அசேதனம் என்று சைவ சித்தாந்தத்தில் கேட்டுப் பழகிய காதுக்கு எங்களுடையது இனிக்கும், ஆனால் ஏமாற்றியும் விடும்.

அந்த ஏமாற்றம் வகுப்பறையோடு நிற்கவில்லை என்பதுதான் நான் சொல்லவந்த விஷயம். ஊரில் 'சேதனப் பசளை' என்றால் சாணம், குழை, கூட்டெரு. யூரியாவோ 'இரசாயனப் பசளை'. ஆனால் வோலரின் அந்த யூரியா, இரசாயனப் புத்தகத்தின்படி அசல் சேதனச் சேர்வை! ஒரே சொல் வயலில் ஒரு பொருள், ஆய்வுகூடத்தில் இன்னொரு பொருள். நோர்வேகாரர் இதைப் பிரித்துவிட்டார்கள். இரசாயனத்துக்கு ஒர்கானிஸ்க், கடையில் விற்கும் மரக்கறிக்கு 'எக்கொலோகிஸ்க்'.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் வடக்கிற்கு யூரியாவும் போகவில்லை. வெடிபொருள் செய்யலாம் என்பது காரணம். பூவரசங்குழை வெட்டித் தாழ்த்தித் தோட்டம் செய்கிறோம் என்று ஐயா கடிதம் எழுதினார். 2021 இல் முழு இலங்கைக்கும் அந்த நிலை வந்தது. முழு நாடும் சேதன விவசாயம் என்று அறிவித்து, இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரேயடியாகத் தடுத்தது. கிளிநொச்சியில் வயல் செய்யும் மச்சான் தொலைபேசியில் சொன்னார்: "பயிர் மஞ்சளாய் நிக்குது. சேதனம் எண்டு சொல்லிப்போட்டால் நெல்லு விளையுமோ?" 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. அதேயளவு மாட்டெருவில் ஒன்றிரண்டு கிலோவே தேறும், அதுவும் உக்கி உக்கித்தான் பயிருக்குக் கிடைக்கும். நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் காலம் பிந்திவிட்டது, நெல்லும் தேயிலையும் படுத்துவிட்டன. தடைக்குச் சொல் காரணமல்ல, டொலர் தட்டுப்பாடும் காரணம் என்பதை அறிவேன். ஆனால் 'சேதனம் என்றால் உயிர், இரசாயனம் என்றால் நஞ்சு' என்ற மயக்கம் அந்த முடிவை விற்க உதவியது என்பது என் எண்ணம். குழையும் எருவும் மண்ணுக்கு நல்லவைதான். ஐயாவே அதற்குச் சாட்சி. ஒரே நாளில் யூரியாவின் இடத்தை அவை பிடிக்கமாட்டா என்பதும் உண்மை.

அடுத்த சனிக்கிழமை பிள்ளையைக் கண்டேன். "பைக்கு உயிர் இல்லை, அம்மா. அந்தப் பெயர் வைத்த காலத்தில ஆக்கள் அப்படி நம்பினவை. காபன் எண்டு நினைச்சுக்கொள்" என்றேன். "அப்ப ஏன் மாமா பெயரை மாத்தேல்லை?" என்றாள். "நொஸ்க்கிலயும் மாத்தேல்லையே!" என்றேன். சிரித்துவிட்டாள்.

பெற்றோரே, பிள்ளை நொஸ்க்கில் படித்துவந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்டால், "அது தெரியாது, போய்ப் படி" என்று கலைத்துவிடாதீர்கள். கூட இருந்து தேடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வியில் எங்களுக்கும் ஒரு பாடம் இருக்கும்.